தமிழில் வாலில், ஆங்கிலத்தில் தலையில்: ஆங்கில வினைச்சொல்லையும் காலத்தையும் பிடிப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

மாலை நேரத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு டென்ஸ் பெயரும் மனப்பாடம். ஆனால் "நேத்து ஏன் வரலை?" என்று கேட்டால், "ஐ டிட் நாட் கேம்" என்றுதான் வாயில் வருகிறது. அட்டவணை தெரிந்தும் தடுமாறுவதற்குக் காரணம், படித்த வரிசை. பெயர்களை முதலில் படித்துவிட்டு, சொல் எப்படி மாறுகிறது என்பதைக் கடைசியில் பார்த்திருக்கிறார்கள். இங்கே அந்த வரிசையைத் திருப்பியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன்

ஒரு கோடு போட்ட நோட்டு, பென்சில், அழிரப்பர். பேனா வேண்டாம், நிறைய அழிப்பீர்கள்.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். படிக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். காது முதலில் பழகினால், தப்பான உருவம் வரும்போது காதுக்கே உறுத்தும்.

ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் ஆகிய ஐந்தும் யாருக்கு எது என்று தடுமாறாமல் வர வேண்டும். ஐ ஆம், ஹி இஸ், தே ஆர் என்பதிலேயே தயக்கம் இருந்தால் இரண்டு நாள் அதை மட்டும் சொல்லிப் பழகிவிட்டு வாருங்கள். மேலே வரப்போகிற பாதி விஷயம் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

2. முதலில் உருவங்கள், காலத்தின் பெயர் பிறகு

ஒரு ஆங்கில வினைச்சொல்லுக்கு அதிகம் போனால் ஐந்து உருவம். ரைட், ரைட்ஸ், ரோட், ரிட்டன், ரைட்டிங். அவ்வளவுதான். 'பி' என்ற ஒரே சொல்லுக்கு மட்டும் எட்டு: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங். 'புட்' போன்றவற்றுக்கு மூன்றே மூன்று: புட், புட்ஸ், புட்டிங்.

வகுப்புகளில் வி1, வி2, வி3 என்று சொல்வோமே, அதையே வைத்துக்கொள்ளலாம். ரைட் வி1, ரோட் வி2, ரிட்டன் வி3. மற்ற இரண்டையும் 'எஸ்' உருவம், 'இங்' உருவம் என்போம்.

எல்லா வினைச்சொல்லையும் ஒரே நாளில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, திங்க், டேக், சீ, கம், கிவ், ஈட், ரைட் என்று பதினைந்து போதும். தினமும் பேச்சில் அதிகம் புழங்குகிற சொற்கள்தான் ஆங்கிலத்தில் ஒழுங்கில்லாமல் மாறுகின்றன. இவை கைவசமானால், மற்றதில் பெரும்பகுதி 'எட்' சேர்த்தால் முடிந்துவிடும்.

'எட்' உச்சரிப்பில் ஒரு தப்பு நிறையக் கேட்கிறேன். வான்ட், நீட் மாதிரி 'ட்' ஒலியில் முடியும் சொற்களுக்கு மட்டுமே 'இட்' என்று தனி அசை வரும்: வான்டிட், நீடிட். வாக், ஆஸ்க், ப்ளே போன்றவற்றுக்கு அது கிடையாது. 'வாக்கிட்' இல்லை, 'வாக்ட்'. அந்தக் கடைசி 'ட்' காதில் விழாவிட்டால், கேட்பவருக்கு நேற்று நடந்தது இன்று நடப்பதாகப் போய்ச் சேரும்.

3. காலம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியின் அச்சாணி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுதிக்கொண்டிருந்தேன், எழுதிக்கொண்டிருப்பேன் என்கிறோம். 'எழுதி' அசையவில்லை, 'கொண்டு' அசையவில்லை. கடைசித் துண்டு மட்டும் மாறுகிறது. காலம் வாலில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் அப்படியே தலைகீழ். ஐ ஆம் ரைட்டிங், ஐ வாஸ் ரைட்டிங், ஐ வில் பி ரைட்டிங். 'ரைட்டிங்' அசையவில்லை. வினைத்தொடரின் ('ஆம் ரைட்டிங்', 'வில் பி ரைட்டிங்' போல வினைக்காகச் சேர்ந்து நிற்கும் சொற்கள்) முதல் சொல்தான் காலத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. காலம் தலையில் இருக்கிறது.

இன்னும் நீளமான ஒன்று. நேற்று இரவு போன் அடித்தும் தோழி எடுக்கவில்லை. 'தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும்' என்கிறோம். துண்டு துண்டாக வெட்டுங்கள்: தூங்கிக்கொண்டு, இருந்து, இருக்க, வேண்டும். இப்போது வாலிலிருந்து தலைக்குப் படியுங்கள்: மஸ்ட், ஹேவ், பீன், ஸ்லீப்பிங். "ஷி மஸ்ட் ஹேவ் பீன் ஸ்லீப்பிங்." ஒரு துண்டுகூட மீதியில்லை. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் நாளில்தான் பலருக்கு முகம் தெளிகிறது. தமிழில் சரளமாக இத்தனை துண்டுகளை அடுக்கத் தெரிந்தவருக்கு ஆங்கில அடுக்கு புதிதல்ல, திசைதான் புதிது.

அடுத்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்த உருவம் வரும் என்ற சங்கிலி. முன்னால் நிற்கும் சொல், தனக்கு அடுத்து நிற்கும் சொல்லை மட்டுமே மாற்றும்.

டூ, வில், கேன், மஸ்ட் இவற்றுக்குப் பின் வி1. ஹேவ் என்ற துணைவினைக்குப் பின் வி3. ஆம், இஸ், வாஸ் இவற்றுக்குப் பின், வேலையைச் செய்துகொண்டிருந்தால் 'இங்', வேலை நம்மீது செய்யப்பட்டால் வி3.

மேலே சொன்ன வாக்கியத்தில் பாருங்கள். 'மஸ்ட்' இருப்பதால் 'ஹேஸ்' வரவில்லை, வெறும் 'ஹேவ்'. 'ஹேவ்' இருப்பதால் 'பீன்'. 'பீன்' இருப்பதால் 'ஸ்லீப்பிங்'. "ஷி மஸ்ட் ஹேஸ்" என்று எழுதினால் எங்கே இடிக்கிறது என்று இனி உங்களுக்கே தெரியும்.

'ஐ பார்ன் இன் 1998' என்ற தப்பும் இங்கேயே தீர்ந்துவிடும். 'பார்ன்' வி3, அது தனியாக நிற்காது, முன்னால் காலத்தைத் தூக்க ஒரு சொல் வேண்டும். "ஐ வாஸ் பார்ன் இன் 1998."

4. கேள்வியும் மறுப்பும்

'ஐ டிட் நாட் கேம்' ஏன் தப்பு? 'டிட்' ஏற்கெனவே காலத்தைத் தூக்கிவிட்டது. பின்னால் வருகிற 'கம்' அதை மறுபடி தூக்க வேண்டியதில்லை. "ஐ டிட் நாட் கம்." 'டஸ் ஷி வொர்க்ஸ்' என்பதும் இதே தப்புதான். 'டஸ்' எஸ்ஸை எடுத்துக்கொண்டது, 'வொர்க்' வெறுமனே நிற்க வேண்டும்.

செய்முறை: முதலில் சாதாரண வாக்கியத்தை எழுதுங்கள். வினைத்தொடரின் முதல் சொல்லைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். கட்டத்தில் இருப்பது வாஸ், ஹேவ், வில், கேன் போன்ற துணைவினை என்றால், அதற்குப் பின் 'நாட்' சேர்த்தால் மறுப்பு, அதையே முன்னால் நகர்த்தினால் கேள்வி. கட்டத்தில் 'வென்ட்' மாதிரி தனி வினைச்சொல் இருந்தால் மட்டும் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: வென்ட் என்பது டிட் கூட்டல் கோ. ஆம், இஸ், வாஸ் தனியாக நின்றாலும் பிரிக்க வேண்டாம், 'ஷி வாஸ் நாட் ஹோம்' போதும்.

இந்தக் கட்டம் போடும் பழக்கத்தை ஒரு மாதம் விடாதீர்கள். வேகம் குறைகிறதே என்று சிலர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். அவர்கள்தான் மூன்று மாதம் கழித்தும் 'டிட் யூ வென்ட்' என்று கேட்கிறார்கள்.

5. 'வரலை' என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று

'வரலை' மாதிரியான தமிழ் மறுப்பில் காலம் தெரியாது. நாம் பேசும்போது கவனிப்பதே இல்லை, ஆனால் மொழிபெயர்க்கும்போது கால் வாருவது இந்த இடம்தான்.

"அவன் நேத்து வரலை" என்றால் "ஹி டிட் நாட் கம்". "அவன் இன்னும் வரலை" என்றால் "ஹி ஹேஸ் நாட் கம் யெட்". "நான் நாளைக்கு வரலை" என்றால் "ஐ ஆம் நாட் கமிங்". தமிழில் மூன்றுக்கும் ஒரே 'வரலை'. 'நேத்து', 'இன்னும்', 'நாளைக்கு' என்ற பக்கத்துச் சொற்களே காலத்தைச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வினைச்சொல்லும் சொல்லியாக வேண்டும்.

எனவே மறுப்பை ஆங்கிலத்தில் சொல்லும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: முடிந்துபோன கதையா, இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோமா, இனிமேல் நடக்கப்போவதா? பதில் தெரிந்தால் உருவம் தானே வரும். 'புரியலை' என்பதையும் இதே கேள்வியில் போட்டுப் பாருங்கள். இப்போது புரியவில்லை என்றால் "ஐ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட்". நேற்று அவர் சொன்னது அப்போது புரியவில்லை என்றால்தான் 'டிட்ன்ட்'.

6. தினமும் நடப்பதும் இப்போது நடப்பதும்

"உங்க அப்பா காலையில என்ன செய்வார்?" என்று வகுப்பில் கேட்டேன். ஒரு மாணவி, "மை ஃபாதர் வில் ரீட் த பேப்பர்" என்றார். அவர் மனசில் ஓடியது 'அப்பா பேப்பர் படிப்பார்'. தமிழில் 'படிப்பார்' நாளைக்கும் பொருந்தும், தினசரி வழக்கத்துக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு இந்த இடத்தில் 'வில்' வராது, எஸ் உருவம்: "மை ஃபாதர் ரீட்ஸ் த பேப்பர்."

சோதிப்பது எளிது. உங்கள் தமிழ் வாக்கியத்தில் 'தினமும்' என்று சேர்த்துப் பாருங்கள். பொருள் கெடவில்லை என்றால் வி1 அல்லது எஸ் உருவம். 'இந்த நிமிஷம்' என்று சேர்த்தால் பொருந்துகிறதா? அப்போது 'இங்'.

ஆனால் 'இங்' உருவத்தை எல்லாச் சொல்லுக்கும் மாட்டக் கூடாது. தெரிவது, பிடிப்பது, நம்புவது, சொந்தமாக வைத்திருப்பது எல்லாம் நிலைகள். அவற்றுக்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் கண்ணுக்குத் தெரியாது. 'வண்டி வச்சிருக்கேன்' என்பதில் 'இருக்கேன்' கேட்பதால் 'ஐ ஆம் ஹேவிங் எ பைக்' என்று வந்துவிடுகிறது. "ஐ ஹேவ் எ பைக்" போதும். சாப்பாடு வேறு, அது ஒரு செயல், "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" சரிதான்.

நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் லீவ் லெட்டர் நினைவிருக்கும்: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்..." காய்ச்சல் அன்று வீட்டிலிருந்து கொடுத்தனுப்பினால் அது சரி. ஆனால் மூன்று நாள் லீவு முடிந்து, குணமாகி, ஆசிரியர் முன்னால் நின்று நீட்டும் கடிதத்திலும் அதே 'ஆம் சஃபரிங்' இருக்கும். வாக்கியத்தின்படி பையனுக்கு இன்னும் காய்ச்சல் அடிக்கிறது. அங்கே தலையை மட்டும் மாற்ற வேண்டும்: "ஐ வாஸ் சஃபரிங்." யாரும் திருத்தாததால் வேலைக்குப் போன பிறகும் அந்த வரி அப்படியே மின்னஞ்சலில் தொடர்கிறது. உங்கள் பழைய மெயில்களைத் தேடிப் பாருங்கள்.

7. முடிந்தவற்றில் மூன்று வகை

இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். தமிழ் 'இருக்கேன்', 'இருந்தேன்' இரண்டும் ஆங்கில 'ஹேவ்', 'ஹேட்' மாதிரியே தோன்றும், பல இடங்களில் பொருந்தவும் செய்யும். பொருந்தாத இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்வதுதான் வேலை.

*வி2 தனியாக.* எப்போது என்று குறிப்பிட்டுவிட்டால், அந்த நேரமும் முடிந்துவிட்டால், வி2. நேற்று, போன வாரம், 2019இல், பத்து நிமிஷத்துக்கு முன்னால். 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' தப்பு. 'ஹேவ்' இன்றைக்கான சொல், அதை நேற்றோடு கட்ட முடியாது. "ஐ சா ஹிம் யெஸ்டர்டே."

*ஹேவ் கூட்டல் வி3.* நேரம் சொல்லவில்லை, அல்லது நேரம் இன்னும் முடியவில்லை, அல்லது விளைவு இப்போது கையில் இருக்கிறது. "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" என்றால் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன்.

'ஊட்டிக்குப் போயிருக்கேன்' என்பதைத் தனியாகப் பாருங்கள். அனுபவத்தைச் சொன்னால் "ஐ ஹேவ் பீன் டு ஊட்டி". 'அப்பா ஊட்டிக்குப் போயிருக்கார்', இன்னும் திரும்பவில்லை என்றால் "ஹி ஹேஸ் கான் டு ஊட்டி". 'ஐ ஹேவ் கான்' என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொன்னால், கேட்பவர் குழம்பிப்போவார்.

இன்னொரு 'இருக்கு' உண்டு. காலையில் கதவைத் திறக்கிறோம், தரை ஈரம். "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்கிறோம். கண்ணால் பார்க்காமல் ஊகிக்கிறோம். இதை 'இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்று போடக் கூடாது. ஊகத்துக்கு 'மஸ்ட்': "இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்."

*ஹேட் கூட்டல் வி3.* நம்மிடம் மிக அதிகமாக வீணாவது இந்த உருவம். 'நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்' என்று தமிழில் சொல்வது, போய்விட்டுத் திரும்பிவிட்டேன் என்ற பொருளில். அதை அப்படியே 'ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே' என்கிறார்கள். ஆங்கிலக் காது உடனே காத்திருக்கும்: சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? எதுவும் நடக்கவில்லை என்றால் 'ஹேட்' வேண்டாம், "ஐ வென்ட் டு மதுரை" போதும்.

'ஹேட்' கேட்பது இரண்டு இறந்தகால நிகழ்ச்சிகளை, அதில் முந்தியதற்கு மட்டும். "வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்." ரயில் முதலில் போனது, நான் பிறகு சேர்ந்தேன். 'ஹேட்' எடுத்துவிட்டு 'த ட்ரெய்ன் லெஃப்ட்' என்றால், நான் போய்ச் சேர்ந்ததும் ரயில் புறப்பட்டது, அநேகமாக ஏறியும் இருப்பேன். ஒரு சொல்லில் ரயில் கிடைக்கிறது, போகிறது.

8. பத்து வருஷமா இங்கேதான் இருக்கேன்

தமிழில் 'இருக்கேன்' நிகழ்காலம். ஆகவே 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 3 இயர்ஸ்' என்று நேர்முகத் தேர்வில் வருகிறது. இதில் இரண்டு தப்பு.

அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு ஆங்கிலம் 'ஹேவ்' கேட்கும், 'ஹேவ்' அன்றையும் இன்றையும் சேர்த்துக் கட்டும் கயிறு: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர்." இரண்டாவது, 'சின்ஸ்' தொடங்கிய புள்ளிக்கு, 'ஃபார்' நீளத்துக்கு. சின்ஸ் 2021, ஃபார் 3 இயர்ஸ். கையில் அளக்கக்கூடியது என்றால் 'ஃபார்'.

9. எதிர்காலம்

ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்காலத்துக்கென்று தனி உருவம் கிடையாது. ஐந்து உருவத்தில் தேடிப் பாருங்கள், இல்லை. இரவல் வாங்கித்தான் சொல்கிறது, நான்கு வழியில்.

இந்த நொடியில் எடுத்த முடிவு, வாக்குறுதி: "ஐ வில் கால் யூ." முன்பே மனதில் போட்டது, அல்லது கண்ணெதிரே அறிகுறி தெரிவது: மேகம் கறுத்துவிட்டது, "இட் இஸ் கோயிங் டு ரெய்ன்." இன்னொருவரோடு பேசி நேரம் குறித்தது: "ஐ ஆம் மீட்டிங் த மேனேஜர் டுமாரோ." கால அட்டவணை: "த ட்ரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ்."

போனில் "தோ, வந்துட்டேன்" என்போம், இன்னும் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டோம். 'ஐ கேம்' என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் வாசலைப் பார்ப்பார். "ஐ ஆம் கமிங்."

'அவன் வந்ததும் சொல்றேன்' என்பதில் தமிழிலேயே 'வருவான்' இல்லை. ஆங்கிலத்திலும் அங்கே 'வில்' இல்லை: "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்." 'வென் ஹி வில் கம்' என்ற தப்பு தமிழிலிருந்து வருவதில்லை. எதிர்காலம் என்றால் 'வில்' என்று அட்டவணையில் படித்ததிலிருந்து வருகிறது. இங்கே உங்கள் தமிழை நம்புங்கள். 'இஃப்' வந்தாலும் இதே.

10. நடக்காததைச் சொல்லும்போது

வி2 எப்போதும் நேற்றையே குறிக்கும் என்றில்லை. உண்மையிலிருந்து ஓரடி விலகி நின்று பேசவும் ஆங்கிலம் அதே உருவத்தை எடுக்கும். "இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை இட்": பணம் இப்போது இல்லை, பேச்சு இன்றைப் பற்றித்தான். "குட் யூ ஹெல்ப் மீ" என்பதில் 'கேன்' ஓரடி விலகிப் பணிவாகிறது.

இறந்தகாலத்தில் நடக்காமல் போனதற்குத் தமிழே அச்சு வார்த்துத் தந்திருக்கிறது. பணம் 'இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்'. இருந்திருந்தால்: ஹேட் ஹேட். வாங்கியிருப்பேன்: வுட் ஹேவ் பாட். "இஃப் ஐ ஹேட் ஹேட் மணி, ஐ வுட் ஹேவ் பாட் இட்." முதல் 'ஹேட்' காலம், இரண்டாவது வி3. பார்த்ததும் அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

11. பயிற்சி

முதல் வாரம் கட்டம் போடுதல் மட்டும். ஆங்கில நாளிதழில் ஒரு பத்தி எடுத்து, ஒவ்வொரு வினைத்தொடரிலும் முதல் சொல்லைக் கட்டமிடுங்கள். தலைப்பை விட்டுவிடுங்கள். தலைப்புகளில் நேற்று நடந்ததையும் எஸ் உருவத்தில் போடுவார்கள், நாளை நடப்பதற்கு 'டு' மட்டும் வைப்பார்கள். இடத்தை மிச்சப்படுத்தும் பத்திரிகை வழக்கம் அது, பேச்சுக்கு உதவாது.

இரண்டாவது வாரம், இரவில் ஐந்து வரி. இன்று நடந்தது இரண்டு வரி வி2இல், இன்னும் முடியாமல் நிற்பது ஒரு வரி ஹேவ் போட்டு, தினமும் செய்வது ஒன்று, நாளை ஒன்று. நேரடியாக ஆங்கிலத்தில் வரவில்லை என்றால் தமிழில் எழுதிவிட்டு, வாலைப் பிடித்துத் தலைக்குக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது வாரம் அந்த ஐந்து வரிகளையும் மறுப்பாகவும் கேள்வியாகவும் மாற்றுங்கள். 'டிட்' வந்த இடத்திலெல்லாம் அடுத்த சொல் வி1தானா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள்.

பன்னிரண்டு பெயர் கொண்ட அட்டவணையை நான்காவது வாரம் திறக்கலாம். அதற்குள் அதில் உள்ள பல கட்டங்களுக்கு உங்கள் நோட்டிலேயே, உங்கள் வீட்டைப் பற்றியே, ஒரு வாக்கியம் இருக்கும். பெயரை அதன் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.